கோல் காட்டும் உயரமும் கொள்கலத்தின் அளவும்

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வாக்கு. கூட்டுறவுச் சங்கத்தை நடத்துவோர்க்கு இதனினும் நல்ல உபதேசம் வேறில்லை. ஆனால் அளப்பதற்குக் கோல் மட்டும் போதாது. கோல் காட்டுவதைச் சரியாகப் படிக்கும் அறிவும் வேண்டும். படியில் பாதி உயரம் நெல் இருந்தால் அது அரைப்படி. கால் உயரம் இருந்தால் அது காற்படி. நாள்தோறும் இவ்வாறே அளந்து பழகிய நாம், எந்தப் பாத்திரத்திலும் உயரம் எவ்வளவோ சரக்கும் அவ்வளவே என்று எண்ணிவிடுகிறோம். நிமிர்ந்து நிற்கும் படிக்கும் மரக்காலுக்கும் அந்த எண்ணம் பொருந்தும். படுக்கை வசத்தில் கிடக்கும் உருளைத் தொட்டிக்கு அது பொருந்தாது. டீசல் தொட்டியும் தண்ணீர் லாரியும் சாயப் பட்டறையின் இரும்புத் தொட்டியும் பெரும்பாலும் இவ்வாறு படுத்துக் கிடப்பவையே. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய நெடுஞ்சாலையில் சிறிது நேரம் நின்றால் இத்தகைய தொட்டிகளை ஏற்றிய லாரிகள் எத்தனையோ நம்மைக் கடந்து செல்வதைக் காணலாம்.

அத்தொட்டிகளில் உள்ள சரக்கைக் கணக்கிடும் முறையை அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருப்பது நன்று. இதனை அறியாததால் ஒரு நல்ல மனிதர் எவ்வாறு கள்வர் என்று பெயரெடுக்க இருந்தார் என்பதை முதலில் கூறுவோம்.

சங்கத்தில் நடந்தது

சில ஆண்டுகளுக்கு முன் நம் பகுதியில் ஒரு சங்கத்தின் டீசல் நிலையத்தில் திடீர்த் தணிக்கை நடந்தது. நிர்வாக சபைக்குப் புதிதாக வந்தவர்கள் ஊக்கமுடையவர்கள். சங்கத்தின் பணம் ஒரு காசும் வீணாகக்கூடாது என்ற நல்லெண்ணம் உடையவர்கள். தரைக்கடியில் புதைத்திருந்த தொட்டியினுள் 'டிப்' கோலை இறக்கிப் பார்த்தார்கள். கோல் 150 செ.மீ. நனைந்திருந்தது. தொட்டியின் விட்டம் 200 செ.மீ.; நிறைந்தால் 20,106 லிட்டர் கொள்ளும். 200-க்கு 150 என்பது முக்கால் பங்கு. ஆகவே தொட்டியில் 15,079 லிட்டர் இருக்கிறது என்று முடிவு கட்டினார்கள். இருப்புப் பதிவேட்டையோ வரவு செலவு பார்த்துக் கூட்டிக் கழித்தபோது 16,160 லிட்டர் இருக்கவேண்டும் என்று ஏற்பட்டது. குறைவு 1,081 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்று கொண்டாலும் 97,290 ரூபாய்.

நிலையப் பொறுப்பாளர் சங்கத்தில் நெடுங்காலம் பணியாற்றியவர். தொட்டியைச் செய்து தந்தவர்கள் கொடுத்திருந்த அளவு அட்டவணை மழைநீர் பட்டு எழுத்தழிந்து போயிருந்தது. அதனை மாற்றி வாங்கி வைக்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மறுவாரம் கூடிய கூட்டத்தில் அத்தொகையை அவர் சம்பளத்திலிருந்து பிடிக்கவேண்டும் என்று தீர்மானம் வந்தது. அவர் எழுந்து, "கோல் சொல்வதை நான் மறுக்கவில்லை, ஐயா. கோலை வைத்துப் போட்ட கணக்குத்தான் எனக்குப் புரியவில்லை" என்று மட்டும் சொல்லி அமர்ந்துவிட்டார். நாமும் அக்கூட்டத்தில் இருந்தோம். அவர் சொன்னதை அப்போது சாக்குப் போக்காகவே பலரும் எடுத்துக்கொண்டார்கள். அவ்வாறு எடுத்துக்கொண்டவர்களில் நாமும் இருந்தோம் என்பதை மறைப்பதற்கில்லை.

அங்கத்தினர்களுள் ஓய்வுபெற்ற கணக்காசிரியர் ஒருவர் இருந்தார். அவர் சங்கக் கடையிலிருந்து மிட்டாய் போடும் கண்ணாடிச் சாடி ஒன்றைத் தருவித்தார். அது மேலும் கீழும் ஒரே பருமனுள்ளது. அதனை நிமிர்த்தி வைத்துக் கால் பங்கு உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றினார். மூடியை இறுக மூடி, சாடியை மேசைமேல் படுக்க வைத்தார். சாடியின் குறுக்களவு 10 செ.மீ. தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது? கால் பங்காகிய இரண்டரை செ.மீ. அன்று; 3 செ.மீ. நின்றது. தண்ணீர் கூடவுமில்லை, குறையவுமில்லை. பாத்திரம் படுத்துவிட்டது, அவ்வளவே. "உயரம் வேறு, அளவு வேறு. இனிக் கணக்குப் போடுவோம்" என்றார் அவர். அன்று அவர் கரும்பலகையில் போட்டுக் காட்டிய கணக்கையே இங்கு விளக்குகிறோம்.

காரணம் என்ன?

நெசவாளர்க்கு இது எளிதில் விளங்கும். ஒரே நீளமும் வெவ்வேறு அகலமும் உள்ள துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதாக எண்ணுக. அடியில் ஒடுங்கிய துண்டு, அதன்மேல் சற்று அகன்றது, நடுவில் மிக அகன்றது, பின்னர் மீண்டும் ஒடுங்கியவை. அடுக்கின் உயரத்தில் கால் பங்கு எடுத்தால் மொத்தத் துணியில் கால் பங்கு கிடைக்குமா? கிடைக்காது, அடியிலுள்ளவை ஒடுங்கியவை அல்லவா?

படுத்த தொட்டியிலுள்ள எண்ணெயும் அவ்வாறே அடுக்கடுக்காக நிற்கிறது. மேலே சொன்ன தொட்டியின் நீளம் 640 செ.மீ. அதன் அடிமட்டத்தில் முதல் ஒரு செ.மீ. உயரத்தில் நிற்பது ஏறக்குறைய 12 லிட்டர் மட்டுமே. நடுவில் அகலம் 200 செ.மீ. ஆகையால் அங்கு ஒரு செ.மீ. உயரத்துக்கு 128 லிட்டர் நிற்கிறது. கோலில் உள்ள கோடுகள் எல்லாம் சம தூரத்தில் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு கோட்டுக்கும் மதிப்பு வேறு. சரியாகப் பாதி உயரத்தில் மட்டும் பாதி அளவு நிற்கும். அதற்குக் கீழே, கோல் காட்டும் பங்கைவிடச் சரக்கு குறைவு. அதற்கு மேலே, கோல் காட்டும் பங்கைவிடச் சரக்கு மிகுதி.

பயிர்த்தொழில் செய்வோர்க்கும் இது புதிதன்று. 1944-இல் கட்டி முடிக்கப்பெற்ற பூண்டி நீர்த்தேக்கத்தின் முழு உயரம் 35 அடி. கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. நாளேடுகளில் நீர்மட்டத்தை அடியிலும் இருப்பை மில்லியன் கன அடியிலும் தனித்தனியே போடுகிறார்களே, ஏன்? பாதி அடியில் பாதி நீர் இராது என்பதனால்தான். ஏரியின் அடி ஒடுங்கி, மேலே பரந்திருக்கிறது. ஏரிக்கு அறிந்த உண்மையைத் தொட்டிக்கு மறந்துவிடுகிறோம்.

கணக்கிடும் வகை

தொட்டியின் முகத்தை நேரே பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். அது ஒரு வட்டம். எண்ணெயின் மேல்மட்டம் அவ்வட்டத்தின் குறுக்கே ஒரு நேர்கோடாகத் தோன்றும். அக்கோட்டுக்குக் கீழுள்ள பகுதி ஒரு வில்லைப் போன்றிருக்கும். வட்டத்தின் வளைவு வில். எண்ணெய் மட்டம் நாண். நாணின் நடுவிலிருந்து அடிமட்டம் வரையுள்ள உயரம், அதாவது கோல் நனைந்த அளவு, அம்பு. இப்பெயர்களை நம் நாட்டுக் கணித நூலார் பழங்காலம் முதல் வழங்கி வந்திருக்கின்றனர். வில்லுக்கும் நாணுக்கும் இடைப்பட்ட பரப்பைக் கண்டு, அதனைத் தொட்டியின் நீளத்தால் பெருக்கினால் எண்ணெயின் அளவு கிடைக்கும். கணக்கு முழுவதும் இவ்வளவே.

அம்பு 50 செ.மீ. என்று கொள்வோம். ஆரம் 100 செ.மீ. வட்டத்தின் மையம் எண்ணெய் மட்டத்துக்கு மேலே 50 செ.மீ. உயரத்தில் இருக்கும். மையத்திலிருந்து நாணின் இரு முனைகளுக்கும் இரண்டு கோடுகள் இழுத்தால், வட்டத்தில் ஓர் ஆப்பத் துண்டு போன்ற பகுதி பிரியும். அத்துண்டின் பரப்பிலிருந்து, நாணுக்கு மேலேயுள்ள முக்கோணத்தின் பரப்பைக் கழித்துவிட்டால் எஞ்சுவது வில்லின் பரப்பு.

முதலில் முக்கோணம். மையத்திலிருந்து நாண்முனை வரை 100; மையத்திலிருந்து நாண் வரை செங்குத்தாக 50. 100-இன் வர்க்கம் 10,000, 50-இன் வர்க்கம் 2,500, கழிக்க 7,500, இதன் வர்க்கமூலம் 86.6. இது பாதி நாண். 86.6-ஐ 50-ஆல் பெருக்க 4,330 சதுர செ.மீ. இது முக்கோணத்தின் பரப்பு.

அடுத்து ஆப்பத் துண்டு. செங்குத்துக் கோடு ஆரத்தில் சரிபாதி ஆகையால், அதற்கும் ஆரத்துக்கும் இடையே உள்ள கோணம் 60 பாகை. இரு பக்கமும் சேர்த்து 120 பாகை. முழு வட்டமாகிய 360 பாகையில் இது மூன்றில் ஒன்று. முழு வட்டத்தின் பரப்பு 100 × 100 × 3.1416, அதாவது 31,416 சதுர செ.மீ. அதில் மூன்றில் ஒன்று 10,472.

10,472-இலிருந்து 4,330-ஐக் கழிக்க 6,142. இதனை நீளம் 640-ஆல் பெருக்க 39,30,880 கன செ.மீ. ஆயிரம் கன செ.மீ. ஒரு லிட்டர் ஆகையால் 3,931 லிட்டர்.

உயர விகிதப்படி பார்த்திருந்தால் கால் பங்கு என்று 5,026 லிட்டர் எழுதியிருப்போம். வேற்றுமை 1,095 லிட்டர்.

இனி அந்தத் தணிக்கைக்கு வருவோம். கோல் 150 செ.மீ. நனைந்திருந்தது. அப்படியானால் மேலே வெறுமையாக இருந்த உயரம் 50 செ.மீ. வெறுமையும் கவிழ்த்து வைத்த வில்லே ஆகையால் அதன் அளவு 3,931 லிட்டர். முழுக் கொள்ளளவு 20,106-இலிருந்து இதனைக் கழித்தால் 16,175 லிட்டர். பதிவேட்டின்படி இருக்கவேண்டியது 16,160. குறைவு எங்கே? 15 லிட்டர் கூடுதலாக அல்லவா இருந்தது! அந்த மட்டத்தில் கோலில் ஒரு மில்லி மீட்டர் தவறிப் படித்தாலே 11 லிட்டர் வேறுபடும். ஆகவே பதிவேடும் தொட்டியும் ஒத்தே இருந்தன. தீர்மானம் கைவிடப்பட்டது. பொறுப்பாளரிடம் நிர்வாக சபையார் கூட்டத்திலேயே வருத்தம் தெரிவித்தனர். ஆசிரியர் மட்டும் கூட்டத்தில் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாம் இன்றும் எண்ணிப் பார்ப்பதுண்டு.

கையால் போடும் குறுக்கு வழி

50 செ.மீ. என்பது இலகுவான எண். கோணம் உடனே தெரிந்துவிட்டது. மற்ற உயரங்களுக்குக் கோணத்தைக் காண முக்கோணவியல் அட்டவணை வேண்டும். இக்காலத்தில் செல்பேசியிலுள்ள கணிப்பானிலும் அதனைப் பார்த்துக்கொள்ளலாம். கோணம் வேண்டாமலே, பெருக்கல் வகுத்தலால் ஏறக்குறையச் சரியான விடை தரும் வழியொன்றும் உண்டு.

நாணை அம்பால் பெருக்கி, அதில் மூன்றில் இரண்டு பங்கு எடுக்கவும். பிறகு அம்பை அம்பாலும், மீண்டும் அம்பாலும் பெருக்கி, இருமடங்கு நாணால் வகுக்கவும். இரண்டையும் கூட்டினால் வில்லின் பரப்பு.

அம்பு 40 செ.மீ. என்று கொண்டு பார்ப்போம். மையத்திலிருந்து நாண் 60 செ.மீ.; ஆரம் 100; ஆகவே பாதி நாண் 80; முழு நாண் 160. நாண் பெருக்கல் அம்பு 6,400. அதில் மூன்றில் இரண்டு 4,267. அம்பை மும்முறை பெருக்க 64,000, இருமடங்கு நாண் 320, வகுக்க 200. கூட்ட 4,467. நீளத்தால் பெருக்க 2,859 லிட்டர். நுட்பமாகக் கணக்கிட்டால் வருவது 2,863. வேற்றுமை 4 லிட்டர் மட்டுமே. பாதி உயரத்தை நெருங்க நெருங்கப் பிழை சிறிது வளரும். எனினும் நூற்றுக்கு ஒன்றைத் தாண்டாது. இவ்வழி பாதி உயரம் வரைக்கும்தான். பாதிக்கு மேல் போனால் வெறுமையைக் கணக்கிட்டு முழு அளவிலிருந்து கழிக்கவேண்டும்.

எல்லாத் தொட்டிக்கும் பொருந்தும் அட்டவணை

விட்டத்தைப் பத்துப் பங்காக்கி, ஒவ்வொரு பங்கிலும் கொள்ளளவில் நூற்றுக்கு எவ்வளவு நிற்கும் என்பதைக் கீழே தருகிறோம். தொட்டி பெரிதாயினும் சிறிதாயினும் இந்த விகிதம் மாறாது. அருகில் உள்ளவை மேற்கூறிய 20,106 லிட்டர்த் தொட்டிக்குரிய லிட்டர்கள்.

1 பங்கு (20 செ.மீ.): நூற்றுக்கு 5.2, 1,046 லிட்டர்
2 பங்கு (40 செ.மீ.): நூற்றுக்கு 14.2, 2,863 லிட்டர்
3 பங்கு (60 செ.மீ.): நூற்றுக்கு 25.2, 5,073 லிட்டர்
4 பங்கு (80 செ.மீ.): நூற்றுக்கு 37.4, 7,510 லிட்டர்
5 பங்கு (100 செ.மீ.): நூற்றுக்கு 50; 10,053 லிட்டர்
6 பங்கு (120 செ.மீ.): நூற்றுக்கு 62.6, 12,596 லிட்டர்
7 பங்கு (140 செ.மீ.): நூற்றுக்கு 74.8, 15,033 லிட்டர்
8 பங்கு (160 செ.மீ.): நூற்றுக்கு 85.8, 17,243 லிட்டர்
9 பங்கு (180 செ.மீ.): நூற்றுக்கு 94.8, 19,060 லிட்டர்

இரண்டு வரிகளுக்கு நடுவேயுள்ள உயரத்துக்கு, இரண்டின் சராசரியை எடுத்துக்கொள்ளலாமா எனில், நடுப்பகுதியில் எடுத்துக்கொள்ளலாம், பெரும்பிழை நேராது. அடியிலும் முடியிலும் அவ்வாறு செய்யலாகாது. 30 செ.மீ. உயரத்தில் உண்மையில் நிற்பது 1,891 லிட்டர். சராசரியோ 1,955 என்று காட்டும். ஆதலின் அந்தப் பகுதிகளுக்கு ஒவ்வொரு செ.மீ.க்கும் தனித்தனியே அட்டவணை எழுதிக்கொள்வது நலம்.

பிழை இரு பக்கமும் வெட்டும்

உயரத்தையே அளவாகக் கொள்ளும் பிழை, தொட்டி மிகுதியாக நிறைந்திருக்கும்போது நேர்மையாளரைக் கள்வராகக் காட்டும் என்று கண்டோம். தொட்டி குறைந்திருக்கும்போது அதே பிழை என்ன செய்யும்? பதிவேட்டின்படி 5,000 லிட்டர் இருக்கவேண்டும் என்று கொள்வோம். யாரோ ஒருவர் ஆயிரம் லிட்டருக்கு மேல் எடுத்துச் சென்றுவிட்டார். தொட்டியில் 3,931 லிட்டரே உள்ளது. கோல் 50 செ.மீ. காட்டும். தணிக்கையாளர் கால் பங்கு என்று கணக்கிட்டு 5,026 லிட்டர் என எழுதி, எல்லாம் சரி என்று கையெழுத்திட்டுச் செல்வார். குற்றமற்றவரைத் தண்டித்த கணக்கே குற்றவாளிக்கு நற்சான்றும் வழங்கிவிடுகிறது. இதனைவிடப் பெரிய கேடு ஒரு சங்கத்துக்கு வேறென்ன வேண்டும்? இத்தொட்டியில் உயரம் 38 செ.மீ. அளவில் நிற்கும்போது இப்பிழை மிகப் பெரிதாகி, சுமார் 1,160 லிட்டர் வரை செல்லும்.

தண்ணீர் லாரியைப் பங்கிடல்

இக்கணக்கு டீசல் நிலையத்தோடு முடிவதன்று. 2019-ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு சென்னை நகரம் தவித்தபோது, நம் மாவட்டத்துக் கிணறுகளிலிருந்து லாரி லாரியாகத் தண்ணீர் சென்றதை நாம் கண்டோம். நம் ஊர்களிலும் நூல் நனைக்கவும் சாயம் தோய்க்கவும் பலர் கூடி ஒரு லாரித் தண்ணீர் வாங்குவதுண்டு. பொதட்டூர்பேட்டையிலோ அம்மையார்குப்பத்திலோ நான்கு நெசவுக் குடும்பங்கள் 12,000 லிட்டர் லாரி ஒன்றைச் சமமாக விலை கொடுத்து வாங்குவதாக வைத்துக்கொள்வோம். லாரியின் பின்புறம் உள்ள அளவுக் குழாயைப் பார்த்து, உயரத்தில் கால் கால் பங்காக இறக்கிக்கொள்கிறார்கள். முதல் குடும்பத்துக்குக் கிடைப்பது 2,346 லிட்டர். இரண்டாவது குடும்பத்துக்கு 3,654. மூன்றாவதற்கும் 3,654. கடைசிக் குடும்பத்துக்கு 2,346. காசு ஒன்று, தண்ணீரில் 1,308 லிட்டர் வேற்றுமை. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆயினும் இரு குடும்பங்கள் ஏமாந்தன.

நான்கு சம பங்கு வேண்டுமாயின் எந்த மட்டங்களில் நிறுத்தவேண்டும்? மேலிருந்து 10-இல் 3 பங்கு உயரம் இறங்கியதும் முதல் குடும்பம் நிறுத்தவேண்டும், பாதி உயரத்தில் இரண்டாவது, அடியிலிருந்து 10-இல் 3 பங்கு உயரம் எஞ்சும்போது மூன்றாவது, எஞ்சியது நான்காவதற்கு. இதனை நினைவில் வைப்பது கடினமன்று.

சில லாரிகளின் தொட்டிகளும் பால் ஏற்றும் வண்டிகளின் தொட்டிகளும் முழு வட்டமாக இராமல், பக்கவாட்டில் அகன்று நீள்வட்டமாக இருக்கும். அவற்றுக்கு வேறு அட்டவணை வேண்டுமோ என்று ஐயுற வேண்டா. வட்டத்தைப் பக்கவாட்டில் ஒரே சீராக இழுத்து நீட்டியதே நீள்வட்டம். எல்லா அடுக்குகளும் ஒரே விகிதத்தில் அகலுவதால், உயரத்தின் பங்குக்கு ஏற்ற அளவின் பங்கு மாறுவதில்லை. மேலே தந்த நூற்று விகிதம் அதற்கும் பொருந்தும்.

பண்டையோர் கண்டவை

இது இன்று நேற்று எழுந்த வினாவன்று. 9-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மகாவீராசாரியர் தம் கணித சார சங்கிரகத்தில் வில்லின் பரப்புக்கு எளிய விதி ஒன்று கூறியுள்ளார். அந்நூலை ரங்காசாரியார் பதிப்பித்து, 1912-இல் சென்னை அரசாங்க அச்சகம் வெளியிட்டது. நாணையும் அம்பையும் கூட்டி, அதனைப் பாதி அம்பால் பெருக்குவதே அவ்விதி. நம் 50 செ.மீ. கணக்குக்கு இதனைப் போட்டால் 3,571 லிட்டர் வரும். உண்மையில் 360 லிட்டர் குறைவு. நடைமுறைக்கு உதவும் தோராய விதி என்றே அவர் அதனை வகுத்திருக்கிறார். வட்டப் பெருக்கத்தை 3 என்று கொண்ட காலத்து விதி அது. எனினும், உயரத்தை மட்டும் பார்க்கும் முறையைவிட அது பன்மடங்கு மேலானது.

ஐரோப்பாவில், கோள்களின் இயக்க விதிகளைக் கண்ட கெப்ளர் 1613-இல் மறுமணம் செய்துகொண்டபோது திராட்சைமது பீப்பாய்கள் வாங்கினார். வணிகர் பீப்பாயின் வாய்வழியே ஒரு கோலைச் சாய்வாக நுழைத்து, நனைந்த நீளத்தைப் பார்த்து, பீப்பாயின் வடிவத்தைக் கவனியாமலே விலை சொன்னார். ஒரே கோல் எல்லா வடிவத்துக்கும் எவ்வாறு பொருந்தும் என்று ஐயுற்ற கெப்ளர், பீப்பாய்களின் கன அளவைப் பற்றியே ஒரு நூல் எழுதி 1615-இல் வெளியிட்டார். பேரறிஞருக்கு எழுந்த அந்த ஐயம் நம் சங்கங்களின் தணிக்கையாளருக்கும் எழவேண்டும்.

கோல் இடுவோர் கவனிக்கவேண்டியவை

கணக்குச் சரியாக இருந்தும் கோல் தவறாக இருந்தால் பயனில்லை. ஆகையால் சிலவற்றைக் கூறி முடிப்போம்.

தொட்டி மட்டமாகக் கிடக்கிறதா என்று பார்க்கவேண்டும். நூற்றுக்கு ஒன்று என்ற சிறு சாய்வு இருந்து, கோலிடும் வாய் தாழ்ந்த முனையில் அமைந்திருந்தால், நம் தொட்டியில் கோல் 3.2 செ.மீ. அதிகமாகக் காட்டும். பாதி நிலையில் இது ஏறக்குறைய 410 லிட்டர். கோலிடும் வாய் தொட்டியின் நீளத்தில் நடுவே இருப்பின் இக்குறை பெரும்பாலும் நீங்கும்.

கோலைச் செங்குத்தாக, அடிமட்டம் தொடும்வரை இறக்கவேண்டும். லாரி இறக்கிய உடனே எண்ணெய் அலைந்துகொண்டிருக்கும்; சற்று அடங்கிய பின்னரே கோலிட வேண்டும்.

டீசலின் அடியில் தண்ணீர் தங்குவதுண்டு. தண்ணீர் பட்டால் நிறம் மாறும் பசையைக் கோலின் நுனியில் தடவி இறக்கினால், அடியில் எத்தனை செ.மீ. தண்ணீர் என்பது தெரிந்துவிடும். அந்தத் தண்ணீரையும் எண்ணெயாக எண்ணி இருப்பில் சேர்த்துவிடலாகாது.

வெப்பத்தால் டீசல் விரியும். 10,000 லிட்டர் 10 பாகை வெப்பம் ஏறினால் ஏறக்குறைய 80 லிட்டர் பெருகும். கோடையில் காலைக் கணக்கும் மாலைக் கணக்கும் சிறிது வேறுபட்டால் உடனே எவரையும் ஐயுற வேண்டா.

தொட்டியின் இரு முகங்களும் தட்டையாக இல்லாமல் புடைத்திருந்தால் மேற்கூறிய கணக்கு சற்றுக் குறைவாகவே காட்டும். அத்தகைய தொட்டிக்கு, முத்திரையிட்ட அளவுக் கலத்தால் சிறிது சிறிதாக ஊற்றி, ஒவ்வொரு முறையும் கோலில் குறித்து அட்டவணை ஆக்குவதே சிறந்த வழி. நம் நாட்டில் மெட்ரிக் அளவைகளுக்கு வழிகோலிய சட்டம் 1956-இல் வந்தது. இப்போது நடப்பிலிருப்பது 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம். வியாபாரத்தில் பயன்படும் அளவைகள் சோதித்து முத்திரை பெற்றிருக்கவேண்டும் என்பது அதன் கருத்து. அம்முத்திரை உள்ளதா என்று கேட்பது அங்கத்தினர் ஒவ்வொருவரின் உரிமையாகும்.

ஆகவே, படுத்த தொட்டி வைத்திருக்கும் சங்கங்கள் இரண்டு காரியங்களை இம்மாதத்திலேயே செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம். தொட்டியின் விட்டம், நீளம், கொள்ளளவு ஆகியவற்றையும் அளவு அட்டவணையையும் ஒரு பலகையில் எழுதி, மழை படாத இடத்தில், எல்லோரும் பார்க்கும்படி மாட்டி வைக்கவேண்டும். அதன் பிரதி ஒன்று காரியதரிசியிடமும் மற்றொன்று தணிக்கைக் கோப்பிலும் இருக்கவேண்டும். இரண்டாவது, கோலிட்ட உயரத்தைச் செ.மீ.யில் ஒரு பத்தியிலும், அட்டவணைப்படியுள்ள லிட்டரை அடுத்த பத்தியிலும் நாள்தோறும் பதிவேட்டில் எழுதிவரவேண்டும். இதற்கு ஆகும் செலவு ஒரு பலகையும் சிறிது வர்ணமுமே.

முன் கூறிய சங்கத்தில் இப்போது அத்தகைய பலகை தொங்குகிறது. அதன் பக்கத்தில், தணிக்கைக்கு வருவோர் முதலில் பார்க்கட்டும் என்று, அந்த மிட்டாய்ச் சாடியையும் கால் பங்கு தண்ணீரோடு படுக்க வைத்திருக்கிறார்கள்.